எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தை முறையாகப் பார்ப்பது எப்படி: கலைக்கூடம், அறிவியல் கூடம், நாடக அரங்கம் மூன்றையும் சேர்த்து ஒரு நாள்

சென்னையில் கலைக்கூடமும் அறிவியல் காட்சிக்கூடமும் நாடக அரங்கமும் ஒரே மதிலுக்குள் அமைந்திருக்கும் இடம், எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியக வளாகம். ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்கள், 1896-இல் கட்டிய அரங்கம், அதே ஆண்டில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் எல்லாம் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. இத்தனையையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று கிளம்பும் குடும்பங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் களைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் கண்ணாடிப் பேழைகளை நின்று பார்க்காமல் கடந்து போகிறார்கள்.

நான் இங்கே சொல்லப்போகும் முறை, கூடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அவற்றுக்கு இடையேயான தொடர்பைப் பிடித்துக்கொள்வது. ஒரு கூடத்தில் எழும் கேள்வியை அடுத்த கட்டடத்துக்குக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். செப்புத் திருமேனியின் மேல் படிந்திருக்கும் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை, கனிமங்கள் வைத்திருக்கும் கூடத்தில் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நடராசரின் உடல் எப்படி நிலைகொள்கிறது என்ற கேள்வி, யானையின் எலும்புக்கூட்டின் முன் நிற்கும்போது புதிதாகத் துலங்குகிறது. நாள் முழுவதும் கல்லிலும் உலோகத்திலும் பார்த்த அபிநயத்தை, மாலையில் அரங்கத்தில் உயிருள்ள உடலில் பார்க்க முடிகிறது. கலையையும் அறிவியலையும் தனித்தனி ஊர்களில் வைத்துப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வளாகம் கொடுக்கும் அரிய வாய்ப்பு இதுதான்.

இந்தக் கலப்பு தற்செயலாக வந்ததும் அன்று. 1778-இல் ஹால் ப்ளூமர் என்ற கும்பினி அதிகாரிக்கு இங்கே 43 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. அவர் 1793-இல் அதை, நகரத்தின் பொதுக் கேளிக்கைகளை நடத்தும் 24 பேர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தார். பாந்தியன் என்று பெயர் பெற்ற அந்த மாளிகையில் விருந்தும் நடனமும் நாடகமும் நடந்தன. 1821-இல் அது மூராட் என்ற ஆர்மீனிய வணிகரிடம் போய், 1830-இல் அரசின் கைக்கு வந்தது. அருங்காட்சியகம் 1851-இல் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தொடங்கி, 1854-இல் இந்த மாளிகைக்கு இடம் மாறியது. முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். அவர் காலத்தில் இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளும் வளர்க்கப்பட்டன. பழைய சென்னைவாசிகள் விலங்குக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும், அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் சொன்னது அந்த நாட்களின் எச்சம். ஆக, இந்த மண்ணில் முதலில் வந்தது கூத்து. கலையும் அறிவியலும் அதன் பின்னால் வந்தவை.

கிளம்பும் முன்

வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் பலர் இதை அறியாமல் வாயிற்கதவு வரை வந்து திரும்புகிறார்கள். பொங்கலை ஒட்டிய நாட்களிலும் கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் மிகுதி. ஒரு பேழையின் முன் ஐந்து நிமிடம் நிற்க விரும்புகிறவர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. செவ்வாய், புதன் போன்ற வேலை நாட்களில் காலையில் கூடம் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால், செப்புத் திருமேனிக் கூடம் ஏறக்குறைய உங்களுக்கே உரியதாக இருக்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அரங்கத்திலிருந்து தொடங்குங்கள். காட்சிக்கூடங்கள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். அரங்கத்தில் தினமும் நிகழ்ச்சி இராது. மியூசியம் தியேட்டரில் என்றைக்கு நாடகமோ நாட்டியமோ நடக்கிறது என்பதை நாளிதழின் இன்றைய நிகழ்ச்சிகள் பகுதியிலோ, நாடகக் குழுக்களின் அறிவிப்புகளிலோ பார்த்து, அந்த நாளை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதற்கு முந்தைய பகற்பொழுதை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் அரங்கத்தின் வெளிச்சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேர்கிறது.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். மின்சார ரயிலும் மெட்ரோவும் அங்கே நிற்கின்றன. சொந்த வாகனத்தில் வருவதைவிட இதுவே எளிது என்பது என் எண்ணம், ஏனெனில் மாலை அரங்கம் முடிந்து கிளம்பும்போது பாந்தியன் சாலை நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். ஒரு தண்ணீர்ப் புட்டி, சிறு குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. படம் எடுப்பதாக இருந்தால் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே அதற்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், முதல் வருகையில் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, பிடித்த ஒரே ஒரு பொருளைப் பென்சிலால் வரைந்து பார்க்கச் சொல்வேன். ஓவியம் வராதவர்களும் வரையலாம். ஒரு கையின் வளைவைக் கோட்டில் கொண்டுவர முயலும்போது, அதுவரை கண்ணில் படாத நகமும் மோதிரமும் கண்ணில் படும்.

கட்டடங்களில் சில அவ்வப்போது பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதுண்டு. குறிப்பாக, 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டு, பின்னர் தேசியக் கலைக்கூடம் ஆன சிவப்புக் கட்டடம் நீண்ட காலம் மூடியிருந்தது. எதற்காகப் போகிறீர்களோ அந்தக் கூடம் திறந்திருக்கிறதா என்று நுழைவுச்சீட்டு தருமிடத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உள்ளே செல்ல முடியாவிட்டாலும், ஹென்றி இர்வின் வடிவமைத்த அந்தக் கட்டடத்தை வெளியே நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். சத்தியவேட்டிலிருந்து வந்த இளஞ்சிவப்பு மணற்கல்லில், ஃபதேபூர் சிக்ரியின் முகலாய வாயில்களை நினைவூட்டும் முகப்பு அது.

காலை: செப்புத் திருமேனிகள்

கண்ணும் காலும் புத்துணர்வோடு இருக்கும் முதல் ஒன்றரை மணி நேரத்தைச் செப்புத் திருமேனிக் கூடத்துக்குக் கொடுங்கள். தமிழகச் செப்புத் திருமேனிகளின் மிகச் சிறந்த தொகுப்புகளில் ஒன்று இங்கே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பிறகு மூன்று படிமங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றிடம் திரும்பி வாருங்கள்.

பார்க்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இவை பேழையில் வைத்துப் பார்ப்பதற்காக வார்க்கப்பட்டவை அல்ல. வீதியுலா செல்லும் உற்சவர்கள். பீடத்தைக் குனிந்து பாருங்கள். தண்டைச் செருகித் தோளில் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். சில திருமேனிகளின் முகத்தில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். தலைமுறை தலைமுறையாக அபிடேகம் செய்து, துடைத்து, சந்தனம் சாத்தியதன் தேய்மானம் அது. கோயிலில் பட்டும் பூவும் சூட்டி முகமும் பாதமும் மட்டுமே தெரியும்படி வைக்கப்பட்டவர்களை, இங்கே மட்டும்தான் முழு வடிவில் காண்கிறோம்.

இவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்கடியிலிருந்து வந்தவை. படையெடுப்பு போன்ற ஆபத்துக் காலங்களில் கோயிலார் புதைத்து மறைத்து வைத்தவை, பின்னாளில் கிணறு வெட்டும்போதும் வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும் கிடைத்தன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அந்த வழியில் பல திருமேனிகள் எழும்பூர் வந்து சேர்ந்தன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் பல முறை கிடைத்த பௌத்தப் படிமங்களும் அவ்வாறு வந்தவையே. சோழர் காலத் தமிழகத்தில் பௌத்தம் உயிரோடு இருந்ததற்கான சான்று, சைவ, வைணவத் திருமேனிகளுக்கு அருகிலேயே நிற்கிறது. அவசரத்தில் அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

நான் பரிந்துரைக்கும் முதல் படிமம் திருவாலங்காட்டு நடராசர். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதற்கு இப்போது திருவாசி இல்லை. நெருப்பு வளையமின்றி உடல் மட்டும் தனித்து நிற்கிறது. கோயிலில் நடராசரைப் பார்க்கும்போது வளையமும் சடையும் பூவும் கண்ணை இழுத்துக்கொள்ளும். இங்கே ஆட்டத்தின் எலும்பமைப்பே வெளியில் தெரிகிறது. முதலில் நேர் எதிரே நின்று, உச்சந்தலையிலிருந்து தொப்புள் வழியாக, காலடியில் கிடக்கும் குள்ள உருவமான முயலகன் மேல் ஊன்றிய வலது கால் வரை மனத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். தூக்கிய இடது காலும், அதன் மேல் வீசிய இடது கையும் ஒரே பக்கமாகச் செல்ல, மற்றக் கைகள் எப்படி எடையைச் சரிசெய்கின்றன என்று பாருங்கள். அடுத்து, மெதுவாகப் பக்கவாட்டுக்கு நகருங்கள். ஊன்றிய கால் முழங்காலில் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். கடைசியாக, போக முடிந்தவரை பின்பக்கம் சென்று முதுகைப் பாருங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தத் தொகுப்பின் நடராசரைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து, 1913-இல் வியந்து எழுதினார். அவருக்குக் கிட்டாத பக்கவாட்டுப் பார்வையும் பின்பக்கப் பார்வையும், ஒரு நுழைவுச்சீட்டின் விலையில் நமக்குக் கிடைக்கின்றன.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். மூன்றே கைகள்: வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கத்தின் ஒரு கை, இப்போது இல்லாத காளையின் மேல் சாய்ந்திருக்கும் பாவனையில் காற்றில் நிற்கிறது. இந்தத் திருமேனியைப் பார்க்க ஒரு எளிய உத்தி உண்டு. குறிப்பேட்டை நீட்டிப் பிடித்து ஒரு பாதியை மறையுங்கள். வலப்பாதியில் அகன்ற தோள், தட்டையான மார்பு, தொடையளவே நீளும் ஆடை. பக்கம் மாற்றி மறைத்தால், மென்மையான தோள், வளைந்த இடை, கணுக்கால் வரை இறங்கும் ஆடை. பிறகு குறிப்பேட்டை எடுத்துவிட்டு முழுமையாகப் பாருங்கள். இரண்டு வேறு உடல்களை ஒட்டிய தையல் எங்கும் தெரியாது. நடுக்கோட்டை உடைத்துவிடாமல் ஒரே வளைவில் இரண்டையும் ஓடவிட்ட சிற்பியின் தேர்ச்சி, இப்படி மறைத்துப் பார்த்தால்தான் முழுமையாகப் பிடிபடுகிறது.

மூன்றாவது, வடக்குப்பனையூரில் கிடைத்த இராமர், சீதை, இலக்குவன், அனுமன் தொகுதி. வில் இல்லை, ஆனால் வில்லைப் பிடித்த விரல்கள் அப்படியே இருக்கின்றன. குழந்தைகளோடு போயிருந்தால், இந்த இடத்தில் அவர்களை அதே போல நிற்கச் சொல்லுங்கள். எந்தக் கை உயர்கிறது, எந்த இடுப்பு ஒடிகிறது என்று அவர்கள் உடலாலேயே கண்டுபிடிப்பார்கள். வாயால் விளக்குவதைவிட அது நிலைத்து நிற்கும்.

வார்ப்பு முறையை ஓரளவு தெரிந்துகொண்டு போவது இந்தக் கூடத்தில் மிகவும் உதவும். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து திருமேனியை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன் மேல் வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் கருவை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரு கருவிலிருந்து ஒரே திருமேனிதான் பிறக்கும். உற்சவர்கள் உள்ளீடற்றவையாக இல்லாமல், முழுவதும் கனமாகவே வார்க்கப்படுகின்றன. சுவாமிமலைத் தபதிகள் எனப்படும் சிற்பிகள் இன்றும் இதே முறையில் வார்க்கிறார்கள். ஐம்பொன் என்று சொன்னாலும் கலவையில் பெரும்பங்கு செம்புதான். இங்கே உங்கள் குறிப்பேட்டில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: பெரிய செப்புச் சுரங்கங்கள் இல்லாத தமிழகத்துக்கு இவ்வளவு செம்பு எப்படி வந்தது? திருமேனியின் மேல் உள்ள பச்சை எது?

கலையும் வேதியியலும் கைகோத்த இடம்

இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் முன், இந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து வந்த திருமேனிகளில் சிலவற்றின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூக்கத் தொடங்கும். மண்ணில் இருந்த உப்பிலுள்ள குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிப்பதால் வருவது அது. கவனிக்காமல் விட்டால் முகத்தின் நுட்பமெல்லாம் பொடியாக உதிரும். இதைத் தடுக்க 1930-இல் இங்கே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே, கரைசலில் மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் திருமேனிகளுக்குச் சிகிச்சை செய்தார். இன்று நாம் கண்குளிரப் பார்க்கும் பல படிமங்கள் அந்த முயற்சியால் நிலைத்தவை. பின்னாளில் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன், இந்தத் தொகுப்பின் படிமங்களிலிருந்து நுண்ணிய மாதிரிகள் எடுத்து, அவற்றில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதத்தைக் கொண்டு காலத்தைப் பிரித்தறிய முயன்றார். சோழர் காலத்தவை என்று கருதப்பட்ட சில நடராசர் படிமங்கள் பல்லவர் காலம் வரை பின்னோக்கிச் செல்லக்கூடும் என்ற கருத்து அப்படித்தான் வந்தது. கலை வரலாற்றாசிரியரின் கண்ணும் வேதியியலாளரின் கருவியும் ஒரே திருமேனியின் முன் சந்தித்த இடம் இது.

இப்போது நிலவியல் கூடத்துக்குப் போங்கள். கனிமப் பேழைகளில் மலக்கைட் என்ற பச்சைக் கல்லைத் தேடுங்கள். அது செம்பின் கார்பனேட்டுச் சேர்மம். நல்ல நிலையில் இருக்கும் பழைய செப்புப் பொருளின் மேல் இறுகப் படியும் பச்சைப் படலத்திலும் இதே சேர்மம் உண்டு. பூமிக்குள்ளிருந்து தாதுவாக வந்த செம்பு, மனிதன் கையில் திருமேனியாகி, மீண்டும் மண்ணுக்குள் கிடந்தபோது தன் பழைய கனிம வடிவத்துக்கே திரும்பத் தொடங்கியிருக்கிறது. காலையில் எழுதிய கேள்வியோடு வருகிறவருக்கே இந்தப் பேழை பேசும். வெறுமனே வருகிறவருக்கு அது வண்ணக் கற்களின் வரிசையாகவே தோன்றும். முதல் கேள்விக்கு, கடல்வழி வாணிகத்தையும் வணிகக் குழுக்களையும் நோக்கி நூலகத்தில் தேட வேண்டியிருக்கும். நாணயக் கூடத்தில் உள்ள ரோமானியப் பொற்காசுகள், தமிழகத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த கொடுக்கல் வாங்கல் சோழருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது என்பதையாவது உடனே காட்டிவிடும்.

நிலவியல் பொருட்களில் திருவக்கரைக் கல்மரத்தையும் பாருங்கள். மரத்தின் இழைகளில் சிலிக்கா புகுந்து, மரத்தின் வடிவத்தைக் கல்லாகவே நிறுத்தி வைத்திருக்கிறது. மெழுகு வெளியேற உலோகம் உள்ளே புகும் வார்ப்பு முறையை அப்போதுதான் படித்துவிட்டு வந்த குழந்தைக்கு, இங்கே இயற்கை செய்ததை நீங்கள் விளக்கவே வேண்டியிராது.

அமராவதிச் சுண்ணாம்புக் கல்

நண்பகலுக்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று அமராவதிக் கூடம். ஆந்திரத்தின் கிருஷ்ணைக் கரையில் இருந்த பெரும் பௌத்தத் தூபியின் சிற்பப் பலகைகள் இவை. நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1797-இல் அந்த இடத்தைப் பார்த்தார். ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்தவற்றில் பெரும் பகுதி சென்னைக்கு வந்து, பின்னர் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த அகழ்வுகளில் வந்தவற்றோடு சேர்ந்து எஞ்சியவை எழும்பூரில் உள்ளன. பளிங்கு என்று வழக்கத்தில் சொன்னாலும் கல் சுண்ணாம்புக் கல். 19-ஆம் நூற்றாண்டில் பலகைகளைச் சுவரோடு வைத்துப் பூசிவிட்டதால், சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறி, சில இடங்களில் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்தது. கல்லின் ஓரங்களைக் கூர்ந்து பார்த்தால் இது தெரியும். காலையில் செப்பில் பார்த்த அதே பகைவன்தான் இங்கேயும்: உப்பும் ஈரமும்.

இக்கூடத்தில் ஒரே ஒரு வட்டப் பலகைக்கு முன் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். மதங்கொண்ட நளகிரி யானையைப் புத்தர் அடக்கிய கதை அதில் உள்ளது. ஒரே வட்டத்துக்குள் இரண்டு காட்சிகள். இடப்பக்கம், தெருவில் வெறிகொண்டு வரும் யானை ஒருவனைத் துதிக்கையால் பற்றி இழுக்கிறது. மக்கள் சிதறி ஓடுகிறார்கள். அச்சத்தில் ஒரு பெண் அருகிலிருப்பவரைப் பற்றிக்கொள்கிறாள். வலப்பக்கம், அதே யானை புத்தரின் முன் மண்டியிட்டுப் பணிகிறது. மேலே, மாடத்துச் சாளரங்களிலிருந்து சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். கூட்டத்தை எங்கே நெருக்கி, எங்கே வெற்றிடம் விட்டு, நம் கண்ணை இடமிருந்து வலமாக எப்படி நடத்துகிறார் அந்தச் சிற்பி என்று பாருங்கள். மேடையில் பலரை நிறுத்தி இயக்கும் நாடக இயக்குநருக்கு உரிய வேலை அது. மாலையில் அரங்கத்தில் உட்காரும்போது இந்த வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு வெளியே வந்து சாப்பிடுங்கள். எழும்பூரில் நடந்து செல்லும் தொலைவிலேயே நல்ல சைவ, அசைவ உணவகங்கள் பல உண்டு. ஒரு மணி நேரமாவது கண்ணுக்கு ஓய்வு கொடுக்காமல் பிற்பகல் கூடங்களுக்குள் நுழைவதில் பயன் இல்லை.

பிற்பகல்: எலும்புகளும் கற்கருவிகளும்

விலங்கியல் கூடத்தில் குழந்தைகள் நேரே ஓடுவது திமிங்கல எலும்புக்கூட்டிடம்தான், ஓடட்டும். ஆனால் அதன் அளவில் வியந்து முடித்ததும், முன்துடுப்பின் எலும்புகளைக் காட்டுங்கள். மேல்கையெலும்பு, முன்கையெலும்புகள், மணிக்கட்டு, விரலெலும்புகள் என்று நம் கையில் உள்ள அதே வரிசை அங்கே இருக்கும். தரையில் நடந்த பாலூட்டிகளின் வழித்தோன்றல் அது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடுத்து யானையின் எலும்புக்கூட்டுக்குப் போங்கள். கால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறக்குறைய நேர்க்கோட்டில், தூண் போல அடுக்கியிருக்கும். பல டன் எடையைச் சுமக்க வேண்டிய உடல், முழங்காலை மடக்கி நிற்பதைத் தவிர்க்கிறது. காலையில் நடராசரின் மடங்கிய ஊன்றுகாலைப் பக்கவாட்டில் நின்று பார்த்தது இதற்காகவும்தான்: மடங்கிய காலில் உடலை நிறுத்துவது தசையின் உழைப்பு, ஆட்டக்காரரின் பயிற்சி. நாட்டியம் கற்கும் பிள்ளைகள், முழங்காலைப் பாதி மடக்கிய அரைமண்டியில் தொடை வலிக்க நிற்பதன் காரணத்தை இந்த எலும்புக்கூடு சொல்லித்தரும்.

மீதி நேரத்தைத் தொல்பொருள் பகுதிக்கு ஒதுக்குங்கள். நிலவியலாளர் இராபர்ட் புருஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சியின் தொடக்கம் அது. பாறையைப் படிக்கப் பழகிய கண்ணுக்குத்தான் இயற்கையாக உடைந்த கல்லுக்கும் மனிதன் கை பட்டு உடைந்த கல்லுக்கும் வேறுபாடு தெரிந்தது. அவருடைய தொகுப்பை 1904-இல் சென்னை அரசு 40,000 ரூபாய்க்கு வாங்கியது. அருகில், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருட்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் உள்ளன. வெண்கல மூடிகளின் உச்சியில் உள்ள சின்னஞ்சிறு விலங்குருவங்களை மறவாமல் தேடிப் பாருங்கள். திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் இந்த மண்ணில் வெண்கலம் பழகிய கைகள் எத்தனை தலைமுறை இருந்திருக்கின்றன என்ற எண்ணம் அப்போது வரும்.

தாவரவியல், ஆயுதங்கள், மானிடவியல் ஆகிய கூடங்களை முதல் வருகையில் விட்டுவிடலாம். சிறு குழந்தைகள் களைத்திருந்தால் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் சற்று நேரம் விடுங்கள். பொத்தானை அழுத்தி இயக்கிப் பார்க்கும் வகை அறிவியல் காட்சிகள்தான் வேண்டுமென்றால், அதற்கு உரிய இடம் கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும். அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களோடு வருபவர்கள், படிகள் அதிகமுள்ள பழைய கட்டடங்களைக் காலையிலேயே முடித்துக்கொள்வதும், பிற்பகலில் ஒரே கட்டடத்தோடு நின்றுவிடுவதும் நல்லது.

மாலை: அரங்கம்

கூடங்கள் மூடியதற்கும் நாடகம் தொடங்குவதற்கும் இடையே பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அரங்கத்தை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இதையும் ஹென்றி இர்வின்தான் வடிவமைத்தார். வட்ட வடிவக் கட்டடம், வளைவுகள், தூண்கள், செந்நிறச் சுவரில் இலை, கொடி வேலைப்பாடுகள் எல்லாம் சாய்ந்த வெயிலில் நன்றாகத் தெரியும். அருகிலேயே கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடம். அதன் உட்பகுதி எல்லா நாளும் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. புதிய கட்டடத்தில் உள்ள படிப்பகத்தில் சற்று உட்கார்ந்து, காலையில் எழுதிய கேள்விக்கு ஒரு நூலைத் தேடலாம். நாட்டில் வெளியாகும் நூல்களின் படியைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று இது.

அரங்கத்துக்குள் அரைமணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். இருக்கைகள் மேடையை நோக்கி அரைவட்டமாக, படிப்படியாக உயர்ந்து அமைந்திருக்கின்றன. பெரிய சபா அரங்கங்களின் நீள்சதுர அமைப்புக்குப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகரின் கண் தெரியும் தொலைவே. முன்வரிசைக்கு முண்டியடிப்பதைவிட, நடுவில் சற்று உயர்ந்த வரிசையைப் பிடிப்பதையே நான் விரும்புகிறேன். நாடகமானால் மேடையில் பாத்திரங்கள் நிற்கும் இடைவெளிகள் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும். நாட்டியமானால் ஆடுபவரின் பாதம் வரை தெரியும். எதிர்ப்பக்கத்து வரிசைகளில் இருப்பவர்களின் முகங்களும் வளைவில் ஓரளவு தெரிவதால், ஒரு நல்ல வசனம் அவையில் எப்படிப் பரவுகிறது என்பதையும் பார்க்கலாம்.

கைப்பேசியை அணைத்து விடுங்கள். அதிர்வில் வைப்பது போதாது. சிறிய அரங்கத்தில் அந்த உறுமல் மேடை வரை கேட்கும். சிறு பிள்ளைகளை வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தால், தேவைப்படும்போது மற்றவர்களை மறைக்காமல் வெளியே அழைத்துச் செல்லலாம். நிகழ்ச்சி முடிந்தபின் குழுவினர் மேடையருகே நின்று பேசுவதுண்டு; தயங்காமல் போய்ப் பேசுங்கள். குறிப்பாக நாட்டியக் கலைஞராக இருந்தால், தூக்கிய காலை அவ்வளவு நேரம் எப்படி நிறுத்தினீர்கள், உடலின் எடையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விளக்குவதற்காக அவர் எழுந்து நின்று வலக்காலை ஊன்றி முழங்காலை மடக்கிக் காட்டினால், நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.